மாசி, பங்குனிக் கடலில் தூண்டில் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

மாசியிலும் பங்குனியிலும் குமரி மாவட்டக் கடல் பெரும்பாலும் அமைதியாகத்தான் தெரியும். வாடைக்காற்று தணியத் தொடங்கியிருக்கும். ஆனி ஆடிச் சீற்றத்துக்கு இன்னும் நாள் இருக்கும். குளச்சல், முட்டம், கடியப்பட்டணம் பக்கம் பாறைகளிலும் தூண்டில் வளைவுகளிலும் (அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல்வரிசை) நிற்கப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

காற்றை மட்டும் பார்த்துக் கடலை எடைபோடாதீர்கள். இருக்கிற தவறுகளில் இதுதான் உயிரை எடுப்பது. பங்குனியிலிருந்து வைகாசி வரை நம் கரையில் திடீரென ஏறும் பேரலை, இங்கே அடிக்கும் காற்றால் எழுவதில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயற்காற்று எழுப்பிய அலை, சில நாள் பயணம் செய்து வந்து சேர்கிறது. ஆழ்கடலில் நிற்கும் வள்ளத்துக்கு அது பெரிதாகத் தெரியாது. கரையோரம் ஆழம் குறையும்போதுதான் உயர்ந்து விழும். இதுதான் கள்ளக்கடல். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துப்போனது இப்படிப்பட்ட நாளில்தான். எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. ஆகவே கிளம்பும் முன் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பைப் பாருங்கள். அலையின் உயரத்தோடு, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை நொடி என்பதையும் பார்க்க வேண்டும். 15 நொடிக்கு மேல் இருந்தால், உயரம் ஒரு மீட்டர்தான் என்றாலும் பாறைப் பக்கம் போக வேண்டாம் என்பேன்.

பாறைக்குப் போனதும் உடனே இறங்குவது அடுத்த தவறு. பெரிய அலைகள் கூட்டமாக வரும். நடுவே பத்து நிமிடம்கூடக் கடல் சும்மா கிடக்கலாம். மேட்டில் உட்கார்ந்து அரைமணி நேரமாவது பாருங்கள். பாறை எதுவரை நனைந்திருக்கிறது, பாசி எதுவரை படிந்திருக்கிறது என்று கவனித்து, அதற்கும் மேலே நில்லுங்கள். பாரை மீன் மாட்டிவிட்டது என்ற ஆவலில் கீழ்ப்பாறைக்கு இறங்குகிறார்கள். நீண்ட கைப்பிடி வைத்த வலை ஒன்று கையில் இருந்தால் அந்த இறக்கமே தேவைப்படாது.

வேலியேற்ற அட்டவணையை மட்டும் நம்பி நேரம் குறிப்பவர்களும் உண்டு. நம் கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடாது. திறந்த பாறையில் அதைவிட அலைதான் முக்கியம். ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் கதை வேறு. மணக்குடியில் பொழி திறந்திருக்கும்போது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றும் நீர் வேகமாக இழுக்கும், காலடி மணலும் கரையும். இடுப்பளவு தண்ணீர்தானே என்று இறங்காதீர்கள். வள்ளத்தில் போகிறவர்களுக்குத் தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே மணல் மேடாகி, அலையில் வள்ளங்கள் கவிழ்ந்து மீனவர்கள் இறந்திருக்கிறார்கள். பழகிய ஆள் இல்லாமல் அந்த வழியே போகக் கூடாது.

கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களைத் தாண்டிப் பேசாமல் போவதும் தவறுதான். "நீவாடு எப்படிங்க இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அன்றைய நீரோட்டத்தை எந்தச் செயலியையும்விட அவர்கள் சரியாகச் சொல்வார்கள். தூண்டிலில் பேத்தை மீன் மாட்டினால் சமைக்க எடுத்துப் போகாதீர்கள். அதன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. அப்புறம், தனியாகப் போகாதீர்கள். கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல் படையின் 1554 இரண்டையும் கைபேசியில் பதிந்து வையுங்கள்.

மாவட்டம் முழுக்க ஒரே கடல் என்று நினைப்பதையும் விட்டுவிடுங்கள். குமரி முனைக்குக் கிழக்கே சின்னமுட்டத்தில் வாடை அடித்துக் கடல் கலங்கிக் கிடக்கும் நாளில், மேற்கே முட்டத்தில் தெளிந்து கிடக்கலாம். விசைப்படகுகளுக்கான தடைக்காலமும் இரண்டாகப் பிரிகிறது. சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சித்திரையில் விசைப்படகு மீன் வாங்க வருகிறவர்கள் மேற்குப் பக்கம் போனால் சரி.