ஜான் ராஸ் கதையை நம்ம ஊரு கூத்துல ஏத்தணும்னா

செவ்விந்தியர் கதைன்னு சொன்ன உடனே பசங்க தலையில எறகு சொருகிக்கிட்டு கையில கோடாலியோட ஊ ஊன்னு கத்த ஆரம்பிச்சிடுவாங்க, அத மொதல் நாளே நிறுத்திடுங்க. அமெரிக்கப் பூர்வகுடிங்கள்ல ஒரு கூட்டமான செரோகி சனங்க சொந்தமா எழுத்து வெச்சிருந்தாங்க, 1827ல அரசியல் சட்டம் எழுதினாங்க, 1828ல ரெண்டு மொழியில பத்திரிகை போட்டாங்க. அவங்க தலைவர் ஜான் ராஸ் போட்ட சண்டை பூரா மனு, வக்கீல், டில்லிக்கு அலையற மாதிரி வாஷிங்டனுக்கு அலைச்சல். நிலத்த எடுக்கறோம்னு நோட்டீஸ் வந்தா ஒரு ஊரு என்ன பாடுபடும்னு தர்மபுரி கிருஷ்ணகிரி சனத்துக்கு நாம விளக்கவே தேவையில்ல, அதனால கதை சட்டுனு பிடிபடும்.

ஆனா ஒரு வம்பு இருக்கு. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பார்த்தே வளர்ந்தவங்க நாம, ரெண்டு பங்காளி மேடையில நின்னா எவன் துரியோதனன்னு கண்ணு தேடும். இங்க அந்த எடத்துல, நிலத்த விட்டுக்குடுக்க ஒத்துக்கிட்ட இன்னொரு செரோகி தலைவர் மேஜர் ரிட்ஜ் வந்து மாட்டுவாரு, அவர துரியோதனன் ஆக்கிட்டீங்கன்னா கதை அங்கயே செத்துடும். ராஸ், ரிட்ஜ் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி அரிதாரம் போடுங்க, ஒரே மாதிரி கோட்டு மாட்டுங்க, புஜக்கட்டை கிரீடம்லாம் யாருக்கும் வேணாம். எழுத்த உருவாக்கின சீக்கோயாவ ஒரு நிமிஷம் காட்டறதா இருந்தா தலைப்பாகை கட்டலாம், படத்துலயே அப்படித்தான் இருக்காரு.

ஒன்னரை மணி நேரத்துக்கு மேல இழுக்காதீங்க, ஆண்டு விழா, நூலக விழாவுல அதுக்கு மேல மைக் குடுக்க மாட்டாங்க. கட்டியக்காரன் வந்து ராஸ் பொறந்த வருஷம் 1790, ரத்தத்துல எட்டுல ஒரு பங்குதான் செரோகி, மத்ததெல்லாம் பெரும்பாலும் ஸ்காட்லாந்துன்னு கிண்டலாவே சொல்லிடட்டும். இந்த ஆள எப்படி அந்த சனம் 1828ல இருந்து சாகற வரைக்கும் தலைவரா வெச்சிருந்துச்சுன்னு அவனே கேக்கட்டும், பதில் சொல்ல வேணாம்.

திரைப் பிரவேசம் 1814ல வைங்க, ஹார்ஸ்ஷூ பெண்ட் சண்டை. க்ரீக்ங்கற இன்னொரு பூர்வகுடி சனத்துல ஒரு பிரிவ எதிர்த்து ஆண்ட்ரூ ஜாக்சன் படையோட செரோகிங்களும் நின்னாங்க, ராஸும் இருந்தாரு, ரிட்ஜும் இருந்தாரு, மேஜர்ங்கற பட்டமே ரிட்ஜுக்கு அந்தப் போர்ல வந்ததுதான். மூணு பேரும் ஒரே பக்கம் ஒரு ஆட்டம் ஆடிட்டு உள்ள போகட்டும், அடுத்த தடவ வரும்போது ஜாக்சன் ஜனாதிபதி, 1830ல இவங்கள மிசிசிப்பி ஆத்துக்கு மேற்க தள்ளற சட்டத்துல கையெழுத்து போடறவரு. மத்தளக்காரர்கிட்ட சொல்லி ரெண்டு எடத்துக்கும் ஒரே தாளம் அடிக்கச் சொல்லுங்க, அது போதும், வசனமே தேவப்படாது.

கோர்ட்டு காட்சிய சுருக்கமா முடிங்க. 1832ல உச்ச நீதிமன்றம் ஜார்ஜியா மாநிலத்து சட்டம் செரோகி மண்ணுல செல்லாதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு, தீர்ப்பு வந்தும் ஒன்னும் நடக்கல. நீதிபதி தீர்ப்பு சொல்லிட்டாரு, அவரே போய் அமல்படுத்தட்டும்னு ஜாக்சன் சொன்னதா ஒரு வசனம் நெட்டுல எங்க பாத்தாலும் கெடக்கும், அவரு அப்படி சொன்னதுக்கு ஆதாரம் கெடையாது, கைத்தட்டு வாங்கும்னு தெரிஞ்சாலும் வைக்காதீங்க. அதுக்கு பதிலா குலுக்கல் சீட்ட வைங்க. ஜார்ஜியாகாரங்க செரோகி நிலத்த சீட்டு குலுக்கி வெள்ளக்காரங்களுக்கு குடுத்தது நெசம், 1835ல ராஸ் வாஷிங்டன்ல இருந்து திரும்பி வந்தா அவரு வூட்டயே சீட்டு விழுந்தவன் எடுத்துக்கிட்டான். ஒரு பானை, கொஞ்சம் துண்டு பேப்பர், கூட்டத்துல இருந்தே ஒருத்தர மேடைக்கு கூப்ட்டு சீட்டு எடுக்க வைங்க, எடுத்தவரு போய் ராஸ் நாற்காலியில உக்காரட்டும்.

நேரத்த கொட்ட வேண்டிய எடம் ராஸ் ரிட்ஜ் தர்க்கம், குறைஞ்சது இருபது நிமிஷம். ரிட்ஜ் 1807ல சனத்த கேக்காம நிலத்த வித்த டபுள்ஹெட்ங்கற தலைவர கொன்னவங்கள்ல ஒருத்தரு, அதே ஆளுதான் 1835 டிசம்பர் 29ல செரோகி தலைநகர் நியூ எக்கோட்டாவுல ஐம்பது லட்சம் டாலருக்கு மண்ண விட்டுக்குடுக்கற ஒப்பந்தத்துல கைநாட்டு வெச்சாரு. ஏன்? எப்படியும் புடுங்கத்தான் போறான், இருக்கற வரைக்கும் வாங்கிக்கிட்டு உசுரோட போயிடலாம்ங்கறது அவரு கட்சி. ராஸ் கட்சி, பெரும்பான்ம சனம் போக மாட்டேங்குது, நாம யாரு கையெழுத்து போட. ரெண்டுக்கும் சம பலத்துல விருத்தம் எழுதுங்க. ராஸயும் ரொம்ப தூக்கி வைக்க வேணாம், வெளியேறலாமாங்கற விவாதத்தயே பத்திரிகையில போட விடாததால ஆசிரியர் பூடினாட் 1832ல வேலைய விட்டாரு, அத ரிட்ஜ் வாயால கேக்க வைங்க, ராஸ் திணறட்டும்.

அப்புறம் மனு. 15,000 பேருக்கு மேல எதிர்ப்பு கையெழுத்துன்னு ராஸ் கொண்டு போனாரு, ஆனா அமெரிக்க நாடாளுமன்றத்து மேலவை செனட்ல அந்த ஒப்பந்தம் ஏற்கெனவே தேவையான மூணுல ரெண்டு பங்க ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல தாண்டியிருந்துச்சு. பேப்பர வேட்டி நீளத்துக்கு ஒட்டி சுருட்டி வெச்சுக்குங்க, மேடையில இருந்து கூட்டத்துக்குள்ள உருட்டி விட்டா கொழந்தைங்க கூட புரிஞ்சுக்கும்.

1838 மே மாசம் அமெரிக்க ஜெனரல் ஸ்காட் படையோட வந்து சனத்த வூடு வூடா புடிச்சு அடைச்ச காட்சிய நடிச்சு காட்டாதீங்க, அடி உதைய மேடையில ஏத்தினா நம்ம கூட்டத்துல சில பேரு விசிலடிப்பான். பின்பாட்டுக்காரங்க பாட்டாவே சொல்லட்டும். மேற்க போற பயணத்த நாங்களே நடத்திக்கறோம்னு ராஸ் ஸ்காட்கிட்ட பேசி வாங்கினது, ஆயிரம் பேருக்கு முன்ன பின்னன்னு 13 அணி, பனியில மிசிசிப்பி கரையில மாட்டிக்கிட்டது எல்லாம் அந்த பாட்டுலயே வரணும். சுமார் 16,000 பேருல 4,000 பேர் வரைக்கும் செத்திருப்பாங்கன்னு மதிப்பீடு, இதத்தான் கண்ணீர்ப் பாதைன்னு சொல்றாங்க. ராஸோட சம்சாரம் குவாட்டி 1839 பிப்ரவரியில லிட்டில் ராக் பக்கத்துல எறந்துட்டாங்க. அவங்க தன் போர்வைய ஒரு கொழந்தைக்கு குடுத்துட்டு குளுருல செத்தாங்கன்னு ஒரு கதை உண்டு, வைக்கறதா இருந்தா "அப்படி ஒரு பேச்சு இருக்குங்க"ன்னு கட்டியக்காரன் சொல்லிட்டு போகட்டும்.

1839 ஜூன் 22, ரிட்ஜ், அவரு மகன், பூடினாட் மூணு பேரயும் ஒரே நாள்ல ராஸ் பக்கத்து ஆளுங்க கொன்னுட்டாங்க. ராஸ் ஏவினாருன்னு நிரூபணமே இல்ல, அதனால ஏவற மாதிரி காட்சி கூடாது. ரிட்ஜ் வேஷக்காரரு தன் கோட்ட கழட்டி ராஸ் கையில குடுத்துட்டு எறங்கட்டும்.

ராஸ் அடிமைங்கள வெச்சிருந்தவருங்கறத மட்டும் வெட்டிடாதீங்க, பெரியவங்க யாராவது "அத ஏன் தம்பி, நாயகன் பேரு கெடுதே"ன்னு கண்டிப்பா சொல்லுவாங்க. செரோகிங்க கூட அந்த பாதையில கறுப்பு அடிமைங்களும் நடந்தாங்க, பின்பாட்டுல ரெண்டு அடி அவங்களுக்கு ஒதுக்குங்க. மங்களத்துக்கு முன்னாடி கட்டியக்காரன், ராஸ் 1866ல மறுபடியும் ஒரு ஒப்பந்தம் பேசப் போன எடத்துல, வாஷிங்டன்லயே செத்தாருன்னு ஒரு வரியில முடிச்சிடலாம். ஒத்திகைக்கு முகவீணைக்காரர் கெடைக்கலன்னா ஆர்மோனியம் போதும், ஆனா தர்க்கத்துக்கு மட்டும் நல்லா எதிர்ப்பாட்டு பாடத் தெரிஞ்ச ரெண்டு பேர மொதல்லயே புடிச்சு வெச்சுக்குங்க, மாசி பங்குனியில கேட்டா ஒருத்தரும் சிக்க மாட்டாங்க.