பழைய காருக்குக் குறைந்த செலவில் பெயிண்ட் அடிப்பது எப்படி

என் டொயோட்டா ஆல்டிஸ் கார் 2014ல் பதிவானது. 2024ல் சிஓஇயை, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றை, இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தால் மறுபடி நீட்டிக்க முடியாது, அதனால் 2029ல் வண்டியைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். எஞ்சினில் குறையில்லை, ஏர்கான் நன்றாகக் குளிர்கிறது, ஆனால் கூரையும் பொனெட்டும் பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி உரிந்துகொண்டிருந்தன. ஐந்து வருடத்தில் போகப்போகிற வண்டிக்கு மூவாயிரம் நாலாயிரம் செலவழிக்க மனசு வராது, தினமும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியை அந்தக் கோலத்தில் விடவும் மனசு வராது. கடைசியில் 950 சிங்கப்பூர் வெள்ளியில் முடித்தேன், ஒரு வருடம் தாண்டியும் நன்றாக இருக்கிறது. எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன்.

முதலில் சிஓஇ எத்தனை வருடம் பாக்கி என்று பாருங்கள். இரண்டு வருடத்துக்கும் கீழே என்றால் முழு வண்டிக்கும் அடிக்காதீர்கள், பாலிஷ் போட்டு ஓட்டிவிடுங்கள். பத்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தால் மலிவுக் கடை வேண்டாம், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து நல்ல கடையில் செய்துகொள்ளுங்கள். நடுவில் மூன்று, நான்கு, ஐந்து வருடம் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த வழி.

அடுத்து, எது கெட்டுப்போயிருக்கிறது என்று சரியாகத் தெரிய வேண்டும். வெறுமனே மங்கியிருக்கிறதா, உரிகிறதா? நம் ஊர் வெயிலில் திறந்தவெளி கார்ப்பார்க்கில் பத்து வருடம் நின்ற வண்டிக்கு மேல்பக்கம்தான் முதலில் போகும். நிறத்துக்கு மேலே பளபளப்புக்காக அடிக்கிற கிளியர் கோட் வெளுத்து, திட்டுத்திட்டாக உரியும். அந்தத் திட்டின் ஓரத்தில் நகத்தை வைத்துத் தள்ளிப் பாருங்கள். நகம் மாட்டினால் பாலிஷால் ஒன்றும் ஆகாது, தேய்த்துத்தான் அடிக்க வேண்டும். நகம் வழுக்கிப் போனால், மங்கல் மட்டும்தான் என்றால், பாலிஷே போதும், காசு மிச்சம். என் வண்டியில் கதவுகள் நான்கும் மங்கல்தான், உரிந்தது கூரை, பொனெட், பின்னால் சாமான் வைக்கிற பூட்டின் மூடி, முன் பம்பர். அந்த நான்கை மட்டும் அடித்து, பக்கவாட்டை மெஷின் பாலிஷ் போடச் சொன்னேன். முழு வண்டிக்கும் 1,400 கேட்ட அதே கடை இதற்கு 950 கேட்டது.

நிறத்தை மாற்றாதீர்கள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் கேட்பதில்லை. நிறம் மாறினால் கதவைத் திறக்கிற உள்விளிம்பு, பொனெட்டுக்கு அடிப்பக்கம், பூட் உள்ளே என்று எல்லா இடமும் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவைத் திறக்கிறபோதெல்லாம் பழைய நிறம் பல்லிளிக்கும். அதற்கு வேலை இரட்டிப்பு. அதோடு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவிலும் நிறத்தை மாற்ற வேண்டும். அதே நிறம் என்றால் இந்தத் தொல்லையே இல்லை. நிறத்தின் குறியீடு வண்டியிலேயே இருக்கும், பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற தகட்டில். டொயோட்டா வெள்ளி நிறம் என்றால் 1எஃப்7, வெள்ளை என்றால் 040 மாதிரி. அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாதா வெள்ளைதான் மலிவுக் கடைக்கு ஏற்றது, தப்பு தெரியாது. கறுப்பு எல்லாத் தப்பையும் காட்டிக்கொடுக்கும். முத்து வெள்ளை மூன்று அடுக்காக அடிக்கிற நிறம், அதை மலிவாகச் செய்து தருகிறேன் என்றால் யோசியுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். மலிவுக் கடையில் பெரும்பாலும் குறைகிறது பெயிண்ட் இல்லை, தேய்க்கிற நேரம். பெயிண்ட் விலையைவிடக் கூலியும் நேரமும்தான் பெரிய வித்தியாசம். 2021ல் பொனெட்டுக்கு மட்டும் 180 வெள்ளிக்கு அடித்தேன். காலையில் விட்டு மாலையில் எடுத்துவிட்டேன், கண்ணாடி மாதிரி இருந்தது. ஏழு மாதத்தில் வண்டி கழுவும்போது உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மாதிரி கையோடு வந்தது. பழைய கிளியர் கோட்டை முழுதும் எடுக்காமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். அடியில் இருப்பது பிடி விட்டால் மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் சேர்ந்துதான் வரும்.

அதனால் கடையில் பேரம் பேசும்போது விலையைக் குறைக்கப் பார்க்காதீர்கள், வேலையைக் குறைக்கப் பாருங்கள். எஞ்சின் பக்கம் வேண்டாம், கதவு உள்விளிம்பு வேண்டாம், சின்னச் சின்னக் குழிகள் அப்படியே இருக்கட்டும், அவசரமும் இல்லை, ஐந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உரிகிற இடத்தை முழுதும் தேய்த்து எடுத்து, பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடித்து, அப்புறம்தான் நிறம் என்று கேளுங்கள். கிளியர் கோட், கெட்டியாக்குகிற ஹார்டனர் கலந்து அடிக்கிற டூகே (2K) வகைதானா, எத்தனை தடவை அடிப்பார்கள், விளக்கையும் கைப்பிடியையும் கழற்றுவார்களா, டேப் ஒட்டி மறைப்பார்களா, உரிந்தால் எத்தனை மாதத்துக்குள் திருப்பிச் செய்து தருவார்கள், இதையெல்லாம் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்கிற கடையில் விடவேண்டாம்.

சின் மிங், காக்கி புக்கிட், ஊபி, உட்லண்ட்ஸ் பக்கம் நிறைய ஒர்க்‌ஷாப் இருக்கின்றன. மூன்று கடையாவது நேரில் ஏறி இறங்குங்கள், போனில் கேட்கிற விலை வேறு, வண்டியைப் பார்த்துச் சொல்கிற விலை வேறு. போகிற இடத்தில் வேறு யாருடைய வண்டியாவது முடிந்து நிற்கும். அதன் கண்ணாடி ஓரத்து ரப்பரைப் பாருங்கள். ரப்பரில் பெயிண்ட் தெறித்திருந்தால் உங்கள் வண்டிக்கும் அதேதான். மூடிய பெயிண்ட் அறை இருக்கிறதா என்றும் பாருங்கள், திறந்த இடத்தில் அடித்தால் தூசு உட்காரும், மழைநாளில் ஈரம் சேர்ந்து பளபளப்பு வெளுக்கும். நவம்பர், டிசம்பர் மழையில் அறை இல்லாத கடைக்குப் போகவே வேண்டாம்.

நான் விட்ட கடையில் வேலை பார்த்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி. பிரைமர் காய்ந்த பிறகு அதன் மேல் லேசாகக் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூவினார், எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தேய்க்க மேடான இடத்தில் கறுப்பு போய்விட்டது, பள்ளமான இடத்தில் புள்ளிபுள்ளியாக நின்றது. “அண்ணே, இங்க தடவிப் பாருங்க, தெரியுதா?” என்று என் கையைப் பிடித்து வைத்தார். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விரலுக்குத் தெரிந்தது. அதில் கொஞ்சம் பட்டி வைத்து மறுபடி தேய்த்தார். இந்த வேலைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். முடிந்தால் பிரைமர் அடித்த அன்று ஒரு எட்டு போய்ப் பாருங்கள், நிறம் ஏறிவிட்டால் அடியில் என்ன செய்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

வண்டியை விடுவதற்கு முன் நீங்களே செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. பின்னால் இருக்கிற எழுத்துகளைத் தூண்டில் நரம்பு வைத்து அறுத்து எடுக்கலாம், ஹேர் டிரையரில் சூடு காட்டினால் பசை இளகும். தாரையும் பழைய மெழுகையும் நன்றாகக் கழுவி எடுங்கள். சிலிக்கோன் கலந்த டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் எதையும் அந்த வாரம் தொடாதீர்கள், அது துளி பட்டாலும் பெயிண்ட் ஒட்டாமல் மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். துரு இருந்தால் அதற்குமட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். துருவின் மேல் பட்டி பூசி மறைத்தால் சீக்கிரமே கொப்புளமாக வெளியே வந்துவிடும்.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவில் இன்னும் மலிவு என்பார்கள், உண்மைதான். ஆனால் ஏதாவது தப்பு என்றால் திரும்பத் திரும்ப எல்லைப் பாலமான காஸ்வேயில் நிற்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் சிங்கப்பூரை விட்டுப் போக முக்கால் டாங்க் எண்ணெய் வேண்டும், அந்தப் பக்கத்து நுழைவு அனுமதியும் வேண்டும். அங்கே சொந்தக்காரர் இருந்து பார்த்துக்கொண்டால் போங்கள்.

வண்டியை எடுக்கப் பகலில் போங்கள். கடை விளக்கில் எல்லா வண்டியும் அழகுதான், வெளியே வெயிலில் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசான சொரசொரப்பு, ஒன்றிரண்டு தூசிப் புள்ளி, இதெல்லாம் இந்த விலைக்கு இருக்கும், தேய்த்துப் பாலிஷ் போடச் சொல்லலாம். பெயிண்ட் வழிந்த கோடு, டேப் ஓரத்தில் பிசிறு, பொனெட் ஒரு நிறம் பம்பர் ஒரு நிறம் என்று கண்ணில் அடிக்கிற வித்தியாசம் இருந்தால் முழுப் பணத்தையும் கொடுக்காமல் சரிசெய்யச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் கழுவவேண்டாம், ஒரு மாதம் மெழுகு போடவேண்டாம். மரத்தடியில் நிறுத்தாதீர்கள், பறவை எச்சம் விழுந்தால் காயவிடாமல் தண்ணீர் ஊற்றுங்கள். கிளம்பும்போது மிச்சமிருக்கிற நிறத்தை ஒரு சின்னப் பாட்டிலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்டனர் கலந்த கிளியர் அன்றைக்கே கெட்டியாகிவிடும், நிறம் மட்டும் மூடி இறுக்கி வைத்தால் நிற்கும். விரைவுச்சாலையில் கல் தெறித்தால் தொட்டுவைக்க அது போதும், பாட்டிலின் மேல் குறியீட்டை எழுதி ஒட்டிவிடுங்கள்.