உதகையில் கல்லூரிக் கால்பந்து அணியின் தற்காப்பை ஆட்டத்தின் நடுவே மாற்றியமைப்பது எப்படி?

உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி குறைந்து, தூக்கி அடிக்கப்படும் பந்து, சமவெளியில் பழகிய தடுப்பாட்டக்காரர் கணிக்கும் இடத்தைத் தாண்டியே விழும். ஆகவே பின்வரிசை நால்வரையும் சில அடி பின்னால் நிறுத்தி ஆட்டத்தைத் தொடங்குங்கள்.

முதல் 10 நிமிடங்கள் எதிரணி எந்தப் பக்கமாக அதிகம் வருகிறது என்பதையே கவனியுங்கள். இடப்பக்கமே தொடர்ந்து தாக்கப்பட்டால், இடைவேளைக்குக் காத்திராமல், நடுக்கள வீரர் ஒருவரை அந்தப் பக்கத் தடுப்பாளருக்குத் துணையாக இறக்குங்கள். மாற்று வீரரை அவசரமாகக் களமிறக்குவதைவிட இதுவே மேல் என்பது என் உறுதியான கருத்து.

மூடுபனி இறங்கினால் ஆஃப்சைடு பொறியை, அதாவது எதிரணி முன்வீரர் ஆஃப்சைடில் சிக்கும்படி பின்வரிசை ஒன்றாக முன்னேறும் உத்தியை, கைவிடுங்கள். வரிசை ஒன்றாக முன்னேற வீரர்கள் ஒருவரையொருவர் காண வேண்டும். பக்கக் கோட்டருகே நிற்கும் துணை நடுவருக்கும் அந்த வரிசை தெளிவாகத் தெரிய வேண்டும். அந்நேரம் கோல்கீப்பரின் குரலே பின்வரிசையை நடத்தட்டும்.