ஸ்பார்ட்டாவைக் கதையாக எழுத ஆசையா? மெஸ் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள்

பண்டைய கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டா என்றதும் தெர்மோபைலே கணவாயும் அங்கே பாரசீகப் படையை எதிர்த்து மடிந்த 300 வீரர்களும்தான் எல்லோர் மனதிலும் வந்து நிற்கிறார்கள். முதல் கதைக்கு அது வேண்டாம். முடிவு ஊருக்கே தெரியும். அதுவும் போக, அன்று கடைசிவரை கூடவே நின்று மடிந்த தெஸ்பியா என்ற வேறொரு கிரேக்க ஊரின் 700 வீரர்களை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனசு ஒப்பவில்லை.

முதலில் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கி.மு. 479-இல் பிளாட்டியா போருக்கு 5000 ஸ்பார்ட்டக் குடிமக்கள் போனார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். கி.மு. 371-இல் லியூக்ட்ரா போரில் இருந்தவர்கள் 700 பேர்தான், அதிலும் 400 பேர் அங்கேயே விழுந்தார்கள். நடுவில் மற்றவர்கள் எங்கே போனார்கள்? நிலநடுக்கம், போர்கள் என்று காரணங்கள் உண்டு. கதை எழுதுகிறவனாக என்னைப் பிடித்து இழுப்பது சாப்பாட்டுக் கணக்கு.

ஸ்பார்ட்டக் குடிமகன் ராத்திரிச் சாப்பாட்டை வீட்டில் சாப்பிட முடியாது. 15 பேர் அளவிலான ஒரு குழுவோடுதான் சாப்பிட வேண்டும், நம் ஊர் மெஸ் மாதிரி மாதாமாதம் அவன் பங்கைக் கொடுக்கவும் வேண்டும். பிற்கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் தரும் கணக்கில் அது ஒரு மெடிம்னோஸ் வாற்கோதுமை மாவு (ஏறக்குறைய 50 லிட்டர் அளவு), 8 கோயஸ் (இது திரவ அளவு) திராட்சை மது, 5 மினா (இது எடை அளவு) பாலாடைக்கட்டி, இரண்டரை மினா அத்திப்பழம், தொடுகறிக்குக் கொஞ்சம் காசு. பங்கு கொடுக்க முடியாதவனுக்குக் குடியுரிமை போய்விடும் என்று அரிஸ்டாட்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், 7 வயதில் வீட்டைவிட்டுப் போய், யூரோட்டாஸ் ஆற்று நாணலை வெறுங்கையால் ஒடித்துப் பரப்பி அதன்மேல் படுத்து வளர்ந்தவன், சண்டையில் ஒருநாளும் பின்வாங்காதவன், மாவு அளக்க முடியவில்லை என்பதற்காகக் கீழே தள்ளப்படுகிறான். உங்கள் நாயகன் அவன்தான்.

முதல் காட்சியும் அங்கேயே இருக்கிறது. புதிதாக ஒருவன் மெஸ்ஸில் சேர வேண்டுமானால் ஏவலாள் தலையில் ஒரு கிண்ணத்தைச் சுமந்து வருவான், ஒவ்வொருவரும் ரொட்டியின் மென்மையான பகுதியை உருண்டையாக்கிப் பேசாமல் அதில் போடுவார்கள், பிடிக்காதவர் அதை நசுக்கிப் போடுவார். ஒரே ஒரு உருண்டை நசுங்கியிருந்தாலும் ஆள் வெளியே. நசுக்குகிற விரல் யாருடையது என்பதை வாசகருக்கு மட்டும் காட்டுங்கள். அப்புறம் பேர்பெற்ற கறுப்புக் குழம்பு: பெரியவர்கள் கறித்துண்டுகளை இளைஞர்களுக்கு விட்டுவிட்டுத் தாங்கள் அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார்களாம். மேசையில் யார் எதைத் தொடவில்லை என்று எழுதினாலே வயதும் மரியாதையும் தெரிந்துவிடும்.

சரி, அந்த மாவு யார் வயலில் விளைந்தது? இதைக் கேட்காமல் எழுதப்படும் ஸ்பார்ட்டாக் கதைகளை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்பார்ட்டாவுக்காக வயலில் உழைத்த ஹெலட்டுகளை வெறுமனே ‘அடிமை’ என்று எழுதிக் கடந்துவிட்டால், சந்தையில் விலைக்கு வாங்கிய ஆள்தான் வாசகர் கண்ணில் தெரிவார். ஹெலட் அப்படியில்லை, குடும்பத்தோடு ஒரே மண்ணில் தலைமுறை தலைமுறையாக உழுது எஜமானுக்கு விளைச்சலில் பங்கு அளப்பவர், அதனால் பண்ணையாள் என்ற நம் சொல் இன்னும் கிட்டத்தில் வருகிறது. ஸ்பார்ட்டா அடிமைப்படுத்திய அண்டை நாட்டு மெஸ்ஸீனியர்கள் பாரம் சுமந்து நொந்த கழுதைகளைப் போல விளைச்சலில் பாதியைக் கொண்டுவந்து கொட்டினார்கள் என்று ஸ்பார்ட்டாவின் கவிஞர் திர்த்தேயஸே பாடியிருக்கிறார். பிளாட்டியாவில் ஒவ்வொரு குடிமகனோடும் 7 ஹெலட்டுகள் போனார்கள். ஆண்டுதோறும் பதவியேற்கும் எஃபோர்கள் என்ற உயரதிகாரிகள் ஹெலட்டுகள்மேல் முறைப்படி போர் அறிவிப்பார்கள், கொன்றால் பாவம் ஒட்டக்கூடாது என்பதற்காக. அறுவடை நாளில் அந்த அறிவிப்பு ஒரு ஹெலட் பெண்ணின் காதில் விழுவதை எழுதிப் பாருங்கள்.

கதைக்கரு வேண்டுமென்றால் ஸ்பார்ட்டாவில் கலகத்துக்குச் சதி செய்த கினடோனை எடுத்துக்கொள்ளலாம். அகெசிலாவுஸ் அரசராகி ஓராண்டு முடியாத நேரம், கி.மு. 399-ஐ ஒட்டி. கினடோன் வலுவான இளைஞன், ஆனால் ‘சமமானவர்கள்’ என்ற முழுக் குடிமக்கள் பட்டியலில் இல்லாதவன். ஒருவனைச் சந்தை ஓரத்துக்குக் கூட்டிப்போய் ஸ்பார்ட்டக் குடிமக்களை எண்ணச் சொல்கிறான். அரசர், எஃபோர்கள், மூத்தோர் அவையினர் போக இன்னும் ஒரு 40 பேர். இவர்கள் எதிரிகள், இங்கே நிற்கும் மிச்சம் 4000-க்கு மேற்பட்டவர்களும் நம் ஆட்கள் என்கிறான். காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்ட பிறகு, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவன் பதில், லாகெடைமோனில் (ஸ்பார்ட்டா நாட்டின் பெயர்) யாருக்கும் கீழானவனாக இருக்கக்கூடாது என்பதற்காக. இதை எழுதிவைத்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஸெனஃபோன் அகெசிலாவுஸின் நண்பர், அப்படியிருந்தும் அந்தப் பதிலை மறைக்கவில்லை.

இதே காலத்தில்தான் அகெசிலாவுஸின் சகோதரி கினிஸ்கா 396-இல் ஒலிம்பிக் தேர்ப்போட்டியில் வென்றார், அதாவது அவருடைய குதிரைகள் வென்றன. நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் இருந்ததாக அரிஸ்டாட்டில் குறைப்பட்டுக்கொள்கிறார். ஒருபக்கம் மாவுக்கு வழியில்லாத வீரன், இன்னொருபக்கம் குதிரை வளர்க்கும் சீமாட்டி, இரண்டையும் ஒரே தெருவில் வையுங்கள்.

இடத்தை எழுதும்போது கோட்டைச் சுவர் கட்டிவிடாதீர்கள், அன்றைய ஸ்பார்ட்டாவுக்கு மதில் கிடையாது, கிராமங்கள் சேர்ந்த ஊர் அது, மேற்கே டைகெட்டஸ் மலை. அந்த மலைப்பக்கம் நலிந்த குழந்தைகளை வீசினார்கள் என்ற செய்தி பல நூற்றாண்டுகள் பிந்தி வந்த புளூட்டார்க்கிடம்தான் இருக்கிறது, அதன்மேல் மொத்தக் கதையையும் ஏற்றாதீர்கள். ஆர்ட்டெமிஸ் தேவி கோயிலில் ரத்தம் சொட்டச் சொட்ட நடந்த சாட்டையடிப் போட்டி ரோமானியர் காலத்துக்கு உரியது.

கடைசியாக வசனம். நம் சரித்திரக் கதைகளின் நீண்ட ராஜசபைப் பேச்சு இங்கே எடுபடாது. எழுதி முடித்ததும் வசனங்களை மட்டும் உரக்கப் படியுங்கள், நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தால் அந்த வரியை வெட்டுங்கள். கினடோனின் பதில் அளவுக்கு நீளம் போதும்.