ஆச்சியிடமே கேளுங்கள்: டிமென்ஷியா இல்லங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கும் முதியவர்கள் அதிகம். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று தெரிந்ததும் ஒரு காப்பகத்தைத் தேடுகிறார்கள். அந்தக் காப்பகத்தை இன்னும் நன்றாக நடத்துவது எப்படி என்று பேச நிர்வாகி, டாக்டர், மகன், மகள் எல்லாரும் உட்காருவார்கள். அங்கேயே வாழ்கிறவரை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. "அவங்களுக்கு என்ன தெரியும்?" என்று விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

நேற்று என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்தவருக்கும் இப்போது வாயில் வைத்த பணியாரம் பிடித்திருக்கிறதா என்று தெரியும். நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், சிகிச்சை பற்றிய முடிவை ஒருவர் பேச்சாலோ முகபாவத்தாலோ சைகையாலோ தெரிவிக்கலாம் என்கிறது. சிகிச்சைக்கே அப்படி என்றால், காபிக்கும் குளியலுக்கும் கேட்காமல் இருக்க என்ன காரணம்?

சரி, கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். "ஆச்சி, இங்க எல்லாம் வசதியா இருக்கா?" என்றால், "ஒரு குறையும் இல்லப்பா" என்றுதான் பதில் வரும். தன்னைக் குளிப்பாட்டுகிற பெண் பக்கத்தில் நிற்கும்போது யார் குறை சொல்வார்கள்? அதை நோட்டில் 'திருப்தி' என்று எழுதிக்கொள்வது அநியாயம். தம்ளர் கையில் இருக்கும்போதே "சீனி போதுமா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும். பலருக்குச் சாயங்காலம் குழப்பம் கூடும், அதனால் காலை நேரம் நல்லது. மூக்குக்கண்ணாடியும் காது மெஷினும் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு முறையில், பட அட்டைகளைக் கொடுத்து, பிடித்தது, பரவாயில்லை, பிடிக்காதது என்று அவர்களையே அடுக்கச் சொல்கிறார்கள். சாப்பாடு, கோயில், டிவி, குளியல் என்று நம் ஊருக்கு ஏற்ற படங்களை நாமே வரைந்துகொள்ளலாம்.

வாய் பேசாதவர்களை விட்டுவிடுவது அடுத்த தவறு. ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் ஒருவர் கறுப்புக் கட்டத்துக்கு முன்னால் தயங்கி நின்றால், அது பிடிவாதம் இல்லை. டிமென்ஷியா உள்ளவர்களுக்குக் கருமையான தரை பள்ளமாகவும், பளபளப்பு தண்ணீராகவும் தோன்றலாம். அந்தத் தயக்கமே அவருடைய கருத்து. யார், எங்கே, எந்த நேரத்தில் நிற்கிறார்கள் என்று சில நாள் குறித்துவையுங்கள். தரையை எங்கே மாற்றலாம், விளக்கை எங்கே கூட்டலாம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

"வீட்டுக்குப் போகணும்" என்பதை அடம் என்று எழுதிவைப்பதும் அப்படித்தான். வலியாக இருக்கலாம், கழிவறைக்குப் போக வேண்டியிருக்கலாம், புழுக்கமாக இருக்கலாம். திறந்த முற்றமும் நாலு பேர் பேச்சுமாக வளவில் வாழ்ந்தவரை மூடிய அறையில் உட்கார வைத்தால் மனசு எப்படி ஒட்டும்? "இதுதான் உங்க வீடு" என்று வாதாடாமல், "வீட்டுல இந்நேரம் என்ன செய்வீங்க?" என்று கேட்டுப்பாருங்கள். கொட்டான் (ஓலைக் கூடை) முடைவேன் என்று சொல்பவருக்கு ஓலை வாங்கித் தரலாம்.

அதற்காக எல்லார் கையிலும் ஓலையைத் திணிக்கக் கூடாது. செட்டிநாட்டு இல்லம் என்றால் எல்லாரும் பெரிய வீட்டு ஆச்சிமார் இல்லை. அந்த வீடுகளில் காலமெல்லாம் சமைத்தவரும், வயலில் நின்றவரும் அங்கே இருப்பார்கள். வாய்விட்டுக் கேட்டுப் பழக்கமில்லாத அவர்களிடம் முதலில் போய் உட்காருங்கள்.

கேட்டுவிட்டு எதுவும் செய்யாமல் இருப்பது, கேட்காததைவிட மோசம். ஆறு மாதம் கழித்துச் செய்தால், சொன்னவருக்கே நினைவிருக்காது. சின்ன விஷயமாக இருந்தால் அன்றைக்கே செய்துவிட்டு, "நீங்க சொன்னதுதான் ஆச்சி" என்று காட்டுங்கள். முடியாததென்றால் ஏன் முடியாது என்று சொல்லுங்கள். அப்புறம், போன வருடம் சொன்ன பதிலையே வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். நோய் முற்ற முற்ற வேண்டுவதும் மாறும். திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.