டிரெய்லர் இன்வெர்ட்டர்: ஃபியூஸ் ஹோல்டர் உருகியதைச் சரிசெய்த விதம்

12 வோல்ட் லித்தியம் பேட்டரி, 1000 வாட் இன்வெர்ட்டர். ஹோல்டர் உருகக் காரணம் மெல்லிய கேபிளும் தளர்ந்த நட்டும்.

1000 வாட்டை 0.85 செயல்திறனாலும், இன்வெர்ட்டர் நின்றுபோகும் 10.5 வோல்ட்டாலும் வகுத்தால் 112 ஆம்பியர். கால் பங்கு கூட்டினால் 140. ஆகவே 150 ஆம்பியர் ஃபியூஸ்.

ஃபியூஸ் காப்பது கேபிளைத்தான், இன்வெர்ட்டரை அல்ல. அதனால் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுக்கும் 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போட்டேன். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 18 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கட்டும். அதுவரையுள்ள கேபிள் டிரெய்லர் சேஸில் உரசினால் தடுக்க எதுவுமில்லை.

லித்தியத்தில் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். மலிவான ஃபியூஸ் உருகிய பிறகும் தீப்பொறி வழியே மின்சாரம் ஓடலாம். கிளாஸ் டி (Class T) வகையே வாங்குங்கள், விலையைப் பார்க்காதீர்கள். கேபிள் முனையில் உள்ள உலோக வளையமான லக் (lug) நேரடியாக ஃபியூஸ் தகட்டில் படிய வேண்டும். வாஷர் இடையில் வந்தால் சூடேறும். டிரெய்லர் அதிர்வில் நட்டு தளரும், ஸ்பிரிங் வாஷரை லக்குக்கு மேலே, நட்டுக்குக் கீழே போடுங்கள்.