கென்யாவுக்கு மருத்துவ ஊழியம்: டாக்டர் அல்லாதவர் தயாராவது எப்படி?

கென்யாவில் மருத்துவ, பல் முகாம் என்று சபையில் அறிவித்தால், "நான் டாக்டர் இல்லையே" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். நோயைப் பார்ப்பது, ஊசி போடுவது, பல்லைப் பிடுங்குவது மட்டும்தான் டாக்டர் வேலை. பெயர் எழுதுவது, விளக்குப் பிடிப்பது, கருவி கழுவுவது எல்லாம் மற்றவர்கள் தலையில்தான் விழும். சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: ஆறு மாதம் முன்பே ஊசி

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி வழக்கமாக மூன்று தவணை. முடிக்க ஆறு மாதம் ஆகும். இரத்தம் பட்ட கருவியைத் தொடப்போகிறவர் இதில் சாக்குச் சொல்லக் கூடாது. அடுத்தது மஞ்சள் காய்ச்சல் ஊசி. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். முட்டை அலர்ஜி இருந்தாலோ, வயது அறுபதைத் தாண்டியிருந்தாலோ முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம்.

படி 2: அனுமதி

2024 ஜனவரி முதல் கென்யா விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பயண அனுமதி தருகிறது. முகாம் வேலைக்கு அது போதுமா என்று அழைக்கும் சபையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டாக்டர்களுக்கு அந்நாட்டு மருத்துவ, பல் மருத்துவக் கவுன்சிலின் தற்காலிக உரிமம் வேண்டும். அது இல்லாத குழுவோடு போகாதீர்கள். மருந்தை இங்கிருந்து சுமப்பதைவிட அங்கேயே வாங்குவதுதான் என் கட்சி. சுங்கத் தலைவலி மிச்சம்.

படி 3: பெட்டி கட்டுவது

கேரி பேக் எதுவும் வேண்டாம். 2017 முதல் அங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை. அபராதம் சிறிய தொகை அல்ல. துணிப்பை எடுங்கள். நம் பிளக் அங்கே சேராது, மூன்று பட்டைக் கால் அடாப்டர் வேண்டும். உயரத்தில் இருக்கும் நக்குரு நகரத்தின் பக்கம் என்றால் ஸ்வெட்டரும் அவசியம். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்துப் போனால் ராத்திரி நடுங்க வேண்டியதுதான்.

படி 4: முகாமில்

முதலில் பதிவு மேசை: பெயர், வயது, சாப்பிடும் மாத்திரை, இரத்த அழுத்தம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் சீட்டில் பெரிதாக எழுதுங்கள்.

விளக்குப் பிடிக்கும்போது டாக்டர் தலையின் நிழல் வாயில் விழாத பக்கமாக நில்லுங்கள். வெளிச்சம் நோயாளியின் கண்ணில் அடிக்கக் கூடாது. "ஃபுங்குவா ம்டோமோ" என்றால் வாயைத் திறங்கள், "இனாவுமா?" என்றால் வலிக்கிறதா. இவ்வளவு சுவாஹிலி போதும். மீதிக்கு உள்ளூர் சபை ஆள் வேண்டும், சில பெரியவர்களுக்குச் சுவாஹிலியே வராது.

பல் பிடுங்கியதும் பஞ்சை அரைமணி நேரம் கடித்திருக்கச் சொல்ல வேண்டும். அன்று துப்பவோ கொப்பளிக்கவோ கூடாது. குழந்தையென்றால் அம்மாவிடம் இன்னொன்றும்: மரத்துப்போன உதட்டை வேடிக்கையாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும், கவனம்.

நக்குரு இருக்கும் ரிஃப்ட் பள்ளத்தாக்கில் பலருக்குப் பல் பழுப்பாக இருக்கும். தர்மபுரியைப் போலத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். "பல்லே விளக்குவதில்லையா?" என்ற பார்வைகூட வேண்டாம்.

கருவிகளை முதலில் பிரஷ் போட்டுத் தேய்த்து, அப்புறம்தான் ஆட்டோகிளேவ், அதாவது அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் கருவி. வெறும் கொதிநீர் எங்கேயும் போதாது. அதிலும் நக்குருவின் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். நோயாளிக்குப் போட்ட ஊசி உங்களைக் குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே தலைமை டாக்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

கூட்டம் எவ்வளவு நின்றாலும், டாக்டர் அல்லாதவர் ஊசி போடக் கூடாது. திறந்த வாயைப் படம் எடுக்க வேண்டாம். ஜெபம் வேண்டுமா என்று கேட்பது சிகிச்சை முடிந்த பிறகு, வெளியேறும் இடத்தில் இருக்கட்டும். வரிசையில் வைத்தால் ஜெபமே சிகிச்சைக்கு டோக்கன் ஆகிவிடும்.

படி 5: கிளம்பும் முன்னும் பின்னும்

முகாமில் சிகிச்சை தர முடியாத நோயாளிகளின் பட்டியலை உள்ளூர் சபையிடம் கொடுங்கள். கிஜாபே மிஷன் மருத்துவமனை போன்ற இடத்துக்கு அவர்கள் அனுப்புவார்கள். மலேரியாவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டிருந்தால், மலேரியாப் பகுதியைவிட்டு வந்து நான்கு வாரம் தொடர வேண்டும். அதற்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையே கென்யாவாக இருக்கட்டும்.